201 இலக்கமும் 26 இலக்கமும்: சகுந்தலா தேவியின் இரு கணக்குகள்

பெங்களூரில் 1929-இல் பிறந்து 2013-இல் அதே ஊரில் மறைந்த சகுந்தலா தேவியின் பெயரோடு இரு கணக்குகள் ஒட்டிக்கொண்டுள்ளன. 1977-இல் அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 201 இலக்க எண்ணொன்றின் 23-ஆம் மூலத்தை 50 வினாடியில் சொன்னார், விடை 546372891. 1980 ஜூன் 18-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரு 13 இலக்க எண்களை 28 வினாடியில் பெருக்கினார். கேட்பவரை மலைக்க வைப்பது முதற்கணக்கு. எண்கோட்பாட்டின் கண்கொண்டு பார்த்தால், கடினமானது இரண்டாவதே.

201 இலக்கம் என்ற செய்தி ஒன்றே மூலத்தை 49.6 கோடிக்கும் 54.9 கோடிக்கும் இடையில் அடைத்துவிடுகிறது. முதல் இலக்கம் 4 அல்லது 5. மடக்கை மனப்பாடமாக இருந்தால் அடுத்த சில இலக்கங்களும் முன்பக்கத்திலிருந்தே கிடைக்கும்.

பின்பக்கம் இன்னும் அழகானது. கொடுத்த எண் 71-இல் முடிகிறது. 10-உடன் சார்பகா எண்ணாக உள்ள எதன் அடுக்குகளிலும் கடைசி இரு இலக்கங்கள் 20 படிக்கொருமுறை திரும்ப வரும். எனவே 23-ஆம் அடுக்கு அங்கே மும்மடியாகச் சுருங்குகிறது. 3×7=21 என்பதால், மீண்டுவர 71-ஐ ஏழாம் அடுக்குக்கு உயர்த்தினால் போதும். 71-இன் இருமடி 41-இல் முடியும், நான்மடி 81-இல், 41×81 தருவது 21, 21×71 தருவது 91. விடையின் கடைசி இரு இலக்கங்கள் கையில்! 23 என்பது 2, 5 இரண்டோடும் ஒட்டாத பகா எண். ஆகவே, விடை ஒன்பது இலக்கமே என்பதால், கொடுத்த எண்ணின் கடைசி ஒன்பது இலக்கங்கள் மட்டுமே முழு விடையையும் தீர்மானிக்கின்றன. மற்ற 192 இலக்கங்களை மூடி வைத்தாலும் விடை மாறாது.

அவர் இவ்வழியில்தான் கணக்கிட்டார் என்பதல்ல என் வாதம். விடை முழு எண் என்ற உறுதி தரும் சலுகை எவ்வளவு பெரிது என்பதையே காட்டுகிறேன். அந்த 50 வினாடியும் அசாதாரணம்தான், ஐயமில்லை.

பெருக்கலில் அந்தச் சலுகை கிடையாது. 7686369774870-ஐ 2465099745779-ஆல் பெருக்கினால் 18947668177995426462773730. ஒன்பதால் வகுத்த மீதியைப் பாருங்கள்: இலக்கக் கூட்டல்கள் 78, 74, மீதிகள் 6, 2, பெருக்கினால் 12, அதாவது 3. விடையின் இலக்கக் கூட்டல் 138, மீதி 3. மட்டு எண்கணிதம் இங்கே சரிபார்க்க உதவுகிறதே தவிர, விடையைக் கண்டுபிடிக்க உதவாது. வழக்கமான முறையில் 169 சிறு பெருக்கல்களுக்கு ஈடான வேலையைச் செய்தே தீரவேண்டும். நடு இலக்கங்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய எல்லா இலக்கங்களையும் சார்ந்தது.

1982 கின்னஸ் நூலில் இடம்பெற்றது இந்தப் பெருக்கல். அது சரியான தேர்வு.