முள் சொன்ன பொய்

பைக்கில் பெட்ரோல் முள் பாதியில் நிற்கிறது. நம்பிக் கிளம்பிவிடுவீர்களா?

மாட்டீர்கள். முதலில் கண்ணாடியை விரலால் ரெண்டு தட்டு. திருப்தி வராது. வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, தளும்புகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பீர்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்ப்பீர்கள். நடுரோட்டில் வண்டி தள்ளிய அனுபவம் ஒருமுறை வாய்த்தவர்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த முள்ளை நம்புவதில்லை.

பத்து லிட்டர் டேங்குக்கே இவ்வளவு சந்தேகம். சுமார் 60 லட்சம் லிட்டர் பெட்ரோல் பிடிக்கிற டேங்க் என்றால்?

ஆட்டிப் பார்க்க முடியாது. அர்த்த ராத்திரியில் மேலே ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. எங்கோ ஒரு அறையில், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ஓர் எண். அவரைப் பொறுத்தவரை அந்த எண்தான் டேங்க்.

அந்த எண்ணைச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையிலும் இருப்பார். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அழுத்தம், வெப்பம், ஓட்டம், மட்டம் - இந்த நான்கையும் அளக்கிற கருவிகள் உண்மைதான் சொல்கின்றனவா என்று சோதிப்பதும், பொய் சொன்னால் திருத்துவதும் அவர் வேலை. நம் ஊர் ஐ.டி.ஐ.க்களில்கூட 'இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்' என்று தனிப் பிரிவு உண்டு. பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நான் பி.காம். படித்தவன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் இந்த வேலை எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆடிட்டிங்கில் முதலில் சொல்லித்தருகிற விஷயமும் இதுதானே? ஸ்டாக் ரிஜிஸ்டரில் நூறு மூட்டை என்று எழுதியிருந்தால் நம்பாதே, கோடவுனுக்குப் போய் எண்ணு!

இந்தத் தொழிலுக்குச் சந்தேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். கருவியிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போவது பெரும்பாலும் மின்சாரமாக. டேங்க் நிரம்பியிருந்தால் 20 மில்லி ஆம்பியர். காலியாக இருந்தால்? பூஜ்யம் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை, 4 மில்லி ஆம்பியர்.

ஏன் 4? பூஜ்யம் என்றால் டேங்க் காலியா, கம்பி அறுந்துவிட்டதா என்று தெரியாதே! எனவே, காலி என்று சொல்வதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் செய்தியைக் காற்றழுத்தமாகக் குழாய் வழியே அனுப்பியபோதும் இதே கதைதான். 3-ல் ஆரம்பித்து 15-ல் முடிப்பார்கள். செத்துப்போன கருவியை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால், உயிரோடு இருந்துகொண்டே பொய் சொல்கிற கருவியை?

2005-ம் வருடத்துக்கு வாருங்கள். ஒரே வருடம், இரண்டு நாடுகள், இரண்டு பொய்கள்.

முதலாவது, அமெரிக்கா. டெக்சாஸ் சிட்டியில் இருந்த பி.பி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மார்ச் 23. பராமரிப்புக்காக நிறுத்திவைத்திருந்த ஒரு பிரிவை மறுபடி ஓடவிடுகிறார்கள். அதில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்று. உள்ளே போகிற எண்ணெயைச் சூடாக்கி, இலேசானது மேலே, கனமானது கீழே என்று பிரிக்கிற கோபுரம். வழக்கமாக அடியில் சில அடி உயரத்துக்குத்தான் திரவம் நிற்கும். அன்று காலை எண்ணெய் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியேற வேண்டிய வழியோ மூடியிருந்தது. ஒரு மணி நேரம் அல்ல, மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

கன்ட்ரோல் ரூமில் யாரும் பதறவில்லை. திரையில் மட்டம் அழகாக இறங்கிக்கொண்டிருந்ததே!

எப்படி இறங்கும்? இங்கேதான் கருவியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்குத் தெரியும், வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது. மேலே வந்தால்தான் கை இழுக்கும். அந்த மட்டம் காட்டும் கருவியும் அதே கணக்குதான். உள்ளே ஒரு எடைக்கட்டி தொங்கும். அது எவ்வளவு தூரம் முழுகியிருக்கிறதோ அவ்வளவு இலேசாகும். அந்த இலேசை வைத்து மட்டத்தைச் சொல்லிவிடும்.

சரி, கட்டி மொத்தமாக முழுகிவிட்டால்? அதற்குமேல் பத்தடி ஏறினாலும் நூறடி ஏறினாலும் அதற்கு ஒன்றுதான். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. சூடாக ஆக, எண்ணெயின் அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் கட்டியைத் தூக்கிப்பிடிக்கும் சக்தி குறையும். கட்டி கனத்தது. 'ஓஹோ, மட்டம் இறங்குகிறது' என்று கருவி முடிவுகட்டியது.

மதியம் 1 மணி 4 நிமிடம். திரையில் தெரிந்த மட்டம், 8 அடிக்கும் கொஞ்சம் குறைவு. கோபுரத்துக்குள் நிஜமான மட்டம், 158 அடி.

எச்சரிக்கை மணி இல்லையா? இரண்டு இருந்தன. ஒன்று விடியற்காலையிலேயே அடித்துவிட்டது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடைமுறைக் கையேடு சொன்ன மட்டத்தைத் தாண்டி நிரப்புவது அங்கே வாடிக்கை. தனியாக வைத்திருந்த இன்னொரு மணி வேலை செய்யவில்லை. நேரடியாகக் கண்ணால் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அது அழுக்கேறி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலை. திரைக்கு முன்னால் இருந்த ஆபரேட்டரோ தினம் 12 மணி நேரம் வீதம் 29 நாட்களாகத் தொடர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

1.20-க்கு வெடித்தது. எண்ணெய் கோபுரத்தின் உச்சியைத் தாண்டி வழிந்து, புகைபோக்கி போன்ற ஒரு குழாய் வழியே நீரூற்றாகப் பீய்ச்சியடித்தது. ஆவி தரையில் பரவி, பக்கத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் பற்றியிருக்கலாம் என்கிறார்கள். 15 பேர் இறந்தார்கள். 180 பேருக்குக் காயம். இறந்த அத்தனை பேரும் கான்ட்ராக்ட் ஊழியர்கள். பக்கத்தில் தற்காலிக டிரெய்லர் ஆபீஸ்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். அந்தக் கோபுரத்தை ஓட்டுவதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் இரண்டு வருடம் விசாரித்து 2007-ல் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு தகவலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிரிவை ஓடவிடுவதற்குமுன் முக்கியமான கருவிகளையும் மணிகளையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்கள் சோதிக்க ஆரம்பித்தும்விட்டார்கள். 'பிரிவை ஓடவிடப்போகிறோம், இனி நேரமில்லை' என்று நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலான மணிகள் சோதிக்கப்படவே இல்லை. ஆனால், சோதித்தாகிவிட்டது என்று மேற்பார்வையாளரின் கையெழுத்து மட்டும் படிவத்தில் இருந்தது.

கோடவுனுக்குப் போகாமலே ஸ்டாக் சரி என்று டிக் அடிப்பது மாதிரி. எங்கள் தொழிலில் இதனால் பணம் போகும்.

இரண்டாவது பொய்க்கு அதே வருடம் டிசம்பரில் இங்கிலாந்து. லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ஸ்டெட் ஊரை ஒட்டி பன்ஸ்ஃபீல்டு என்ற பெட்ரோல் கிடங்கு. நான் முதலில் சொன்ன 60 லட்சம் லிட்டர் டேங்க் இங்கேதான் இருந்தது. அதன் எண் 912.

டிசம்பர் 10, சனிக்கிழமை. மாலை ஏழு மணி வாக்கில் பைப்லைன் வழியே பெட்ரோல் வர ஆரம்பித்தது. மணிக்கு ஐந்தரை லட்சம் லிட்டர். ராத்திரி 3 மணியைத் தாண்டியதும் திரையில் மட்டம் அப்படியே நின்றுவிட்டது. பெட்ரோல் மட்டும் நிற்கவில்லை.

இங்கேயும் எச்சரிக்கை உண்டு. ஒன்றல்ல, மூன்று. ஆனால், அந்த மூன்றும் கேட்டது இதே கருவியின் வாக்குமூலத்தைத்தான். ஒரே பேரேட்டைப் பார்த்து மூன்று பேர் காப்பி அடித்தால் மூன்று சாட்சியாகிவிடுமா? கருவி நின்றது, மூன்று மணியும் மௌனம்.

கடைசிக் காவலாக, கருவிக்குச் சம்பந்தமில்லாத தனி ஸ்விட்ச் ஒன்று டேங்க்கின் மேலே இருந்தது. பெட்ரோல் அங்கே எட்டிவிட்டால், யாரையும் கேட்காமல் வரத்தை நிறுத்தவேண்டும். 2004 ஜூலையில் பொருத்திய புது ஸ்விட்ச். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன லிவர். சோதித்து முடித்ததும் லிவரைச் சரியான நிலையில் நிறுத்தி, பூட்டுப் போடவேண்டும். பூட்டு இல்லாவிட்டால் ஸ்விட்ச் வேலைக்கு ஆகாது. அந்தப் பூட்டின் அருமை பொருத்தியவர்களுக்கும் தெரியவில்லை, கிடங்கில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. யாராவது நோண்டாமல் இருக்கத்தான் பூட்டு என்று நினைத்து, போடாமலே விட்டுவிட்டார்கள்.

5.37-க்குப் பெட்ரோல் டேங்க்கின் உச்சியிலிருந்து அருவியாக வழியத் தொடங்கியது. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல். குளிர்காலம், காற்றே இல்லாத அதிகாலை. வெள்ளை மூட்டமாக ஆவி பரவியதைக் கண்காணிப்பு கேமராக்கள் சத்தமில்லாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தன. 6 மணி 1 நிமிடத்துக்கு வெடித்தபோது நிலநடுக்கக் கருவிகளில் 2.4 ரிக்டர் பதிவானது. இருபதுக்கும் மேற்பட்ட டேங்குகள் எரிந்தன. நெருப்பு நாள் கணக்கில் எரிந்தது. நஷ்டம் சுமார் 100 கோடி பவுண்ட்.

43 பேருக்குக் காயம். ஒருவர்கூட இறக்கவில்லை. காரணம் எந்தக் கருவியும் அல்ல, காலண்டர். அன்று ஞாயிற்றுக்கிழமை. கிடங்கை ஒட்டியிருந்த அலுவலகங்களில் ஆளே இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணியாக இருந்திருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

கருவி அன்றைக்குத்தான் முதல்முறை நின்றதா? அதுதான் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் பராமரிப்பு முடிந்து அந்த டேங்க் மறுபடி உபயோகத்துக்கு வந்ததிலிருந்து விபத்து வரை, சுமார் மூன்றரை மாதத்தில் 14 முறை நின்றிருக்கிறது. சில சமயம் டெக்னீஷியன்களைக் கூப்பிட்டார்கள். சில சமயம் கூப்பிடவில்லை. கருவியை உச்சிக்குத் தூக்கி, மறுபடி கீழே இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கிடங்கின் மேற்பார்வையாளர்களே ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். நின்றதைச் சில நேரம் பதிவேட்டில் எழுதினார்கள், சில நேரம் எழுதவில்லை. வந்து பார்த்தவர்களும் கருவி ஏன் நிற்கிறது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

நம் வீட்டு டி.வி.யைத் தலையில் தட்டிச் சரிசெய்த காலம் ஞாபகம் வருகிறதா? தட்டினால் படம் வந்துவிடும். வந்துவிடுவதால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டோம். 14 முறை தட்டிச் சரிசெய்த டி.வி. 15-வது முறை என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை.

2010 ஜூலையில் வழக்கு முடிந்தது. ஐந்து நிறுவனங்களுக்கு அபராதமும் வழக்குச் செலவுமாக மொத்தம் சுமார் 95 லட்சம் பவுண்ட். விசாரணை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொன்னவை புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. நிரம்பி வழியாமல் காக்கும் ஏற்பாடு, மட்டம் காட்டும் கருவியை நம்பி இருக்கக் கூடாது, தனியாக இருக்கவேண்டும். அதை முறையாகச் சோதிக்கவேண்டும். சோதித்தபின் பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்பதையும் சோதிக்கவேண்டும். கோளாறு எத்தனை முறை வந்தது என்று எழுதிவைக்கவேண்டும்.

படிக்கும்போது, 'இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறது இல்லையா? இவ்வளவேதான். டெக்சாஸ் சிட்டியில் சந்தேகப்பட ஆள் இருந்தது, நேரம் கொடுக்கவில்லை. பன்ஸ்ஃபீல்டில் சந்தேகப்பட 14 சந்தர்ப்பம் இருந்தது, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இந்த வேலையில் இருக்கிற சங்கடமே இதுதான். ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத நாளுக்கு யாரும் கை தட்டுவதில்லை, செய்தி போடுவதில்லை. 'சும்மா சும்மா மெஷினை நிறுத்தச் சொல்றாரு' என்று முணுமுணுப்புதான் மிஞ்சும். உற்பத்தி நிற்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. நடக்காமல் போன விபத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. கணக்குப் படித்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு பத்தியை எப்படி எழுதுவது என்று எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டிலோ, எதிர் சீட்டிலோ ஒரு இன்ஸ்ட்ருமென்ட்காரர் இருக்கக்கூடும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவராக இருக்கலாம். அடுத்த முறை பெட்ரோல் முள்ளை நம்பாமல் கண்ணாடியைத் தட்டும்போது, அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். நாம் தட்டுவது தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க. அவர் தட்டுவது, பக்கத்து அறையில் அதைப் பற்றி எதுவுமே தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் சாயந்தரம் வீட்டுக்குப் போக.