லோட்டஸ் எலானின் நாலு ரப்பர் வளையங்கள்

1962ல் இங்கிலாந்தில் வெளிவந்த லோட்டஸ் எலான் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் பலர் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்குள் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. பின்சக்கரங்களுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டில் உள்ள ரப்பர் வளையங்களை அப்படியே வைத்துக்கொள்வதா, இல்லை கழற்றிவிட்டு அளவெடுத்துச் செய்த புது ஷாஃப்டைப் போடுவதா? "ரப்பரை யார் போய் அங்கே வைப்பான்?" என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகு எண்ணம் மாறிவிட்டது.

முதலில் காரைப் பற்றி. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனுக்கு எடையைக் குறைப்பதுதான் எல்லாமே. எலானின் வடிவமைப்பை முன்நின்று செய்தவர் ரான் ஹிக்மன். (தச்சர்களும் வீட்டில் ரிப்பேர் பார்ப்பவர்களும் பயன்படுத்தும் 'வொர்க்மேட்' மடக்கு மேசையைக் கண்டுபிடித்தவரும் இவரேதான்.) ஃபைபர் கிளாஸ் உடல், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் எஃகுச் சட்டம், 1558 சிசி இன்ஜின், 105 குதிரைத்திறன். மொத்த எடை சுமார் 680 கிலோ, கிட்டத்தட்ட நம்ம மாருதி 800 அளவு.

பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். டிஃபரன்ஷியலோ சட்டத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் மடங்கிக்கொண்டே சுழல வேண்டும்.

மடங்கிச் சுழலும் இணைப்பு பழைய சமாச்சாரம். 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் பல நாடுகளில் அதை இன்றும் கார்டன் என்கிறார்கள். 1676ல் ராபர்ட் ஹூக் அதை வானியல் கருவிகளுக்காக விவரித்தார். நம்மூர் லாரிகளுக்கு அடியில் பார்க்கும் சிலுவை வடிவ யுனிவர்சல் ஜாயின்ட் அதன் வாரிசு. அதில் ஒரு கோளாறு உண்டு. உள்ளே சீரான வேகத்தில் சுற்றினாலும் வெளியே சீராக வராது. 10 டிகிரி மடங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சுமார் 1.5 சதவீதம் இரண்டு முறை கூடும், இரண்டு முறை குறையும். 20 டிகிரி என்றால் ஏறக்குறைய 6 சதவீதம். இரண்டு ஜாயின்ட்களைச் சரியான நிலையில் பூட்டி, இரண்டும் ஒரே கோணத்தில் மடங்கினால் ஒன்றின் தவறை இன்னொன்று சரிக்கட்டிவிடும்.

மடங்கினால் மட்டும் போதுமா? 1957ல் வந்த லோட்டஸ் எலீட்டில் சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருந்ததே டிரைவ் ஷாஃப்ட்தான். அதனால் அதன் நீளம் மாறவேண்டிய அவசியம் இல்லை. எலானில் அந்த வேலையைக் கீழே இருக்கும் அகலமான விஷ்போனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது விஷ்போன் ஒரு வட்டத்தில் போகும், ஷாஃப்ட் இன்னொரு வட்டத்தில். ஆக, ஷாஃப்ட் நீளவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். அதற்கான பழைய வழி ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல்வரிசை, அதாவது ஸ்ப்லைன். பிரச்சினை என்னவென்றால், இன்ஜின் முழு பலத்தோடு முறுக்கும்போது பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும், சறுக்க மறுக்கும். சஸ்பென்ஷன் அந்த நேரம் பார்த்து இறுகும்.

இங்கேதான் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் வளையம் வருகிறது. அறுகோண வடிவம், உள்ளே ஆறு உலோகக் குழல்கள். மூன்று போல்ட் ஒரு பக்கத்துக்கு, மூன்று மறுபக்கத்துக்கு, மாறி மாறி. சுற்றி ஒரு எஃகுப் பட்டை போட்டு ரப்பரை இறுக்கி வைத்திருப்பார்கள். மாட்டி முடித்த பிறகு பட்டையை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் எலானில் நாலு. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். மடங்கும், நீளும், சுருங்கும், அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். ஹில்மேன் இம்ப், டிரையம்ஃப் ஜிடி6 மார்க் 2 ஆகியவையும் இதே வகை வளையங்களைப் பயன்படுத்தின.

'சிவி ஜாயின்ட் போட்டிருக்கலாமே' என்று கேட்கலாம். வேகம் மாறாத அந்த ஜாயின்ட்டை ஆல்ஃப்ரெட் ருசெப்பா 1920களிலேயே உருவாக்கிவிட்டார். 1959ல் வந்த மினியின் முன்சக்கரங்களில் அதுதான் இருந்தது. ஆனால் அதே மினியின் ஷாஃப்டின் உள்முனையைப் பாருங்கள், அங்கே ரப்பர்! சறுக்கிக்கொடுக்கும் வகை ஜாயின்ட் பிறகுதான் சாதாரண கார்களில் பரவியது. 1962ல் ஹிக்மனுக்கு முன்னால் இருந்த கடையில் ரப்பர் நல்ல சரக்கு.

விலை இல்லாமல் இல்லை. முதல் கியரில் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் தோராயமாக 700 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். கிளட்சைச் சட்டென்று விட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப அவிழும், கார் கங்காரு மாதிரி குதிக்கும். நாளாக ஆக ரப்பர் வெடிக்கும். கவனிக்காமல் விட்டு ஓடும்போது அறுந்தால், சுழலும் ஷாஃப்ட் சுற்றியிருப்பதை அடித்து நொறுக்கிவிடும்.

அதனால் இன்று பலர் இரண்டு முனையிலும் சிவி ஜாயின்ட் வைத்த ஷாஃப்ட் செய்துகொள்கிறார்கள். எலானின் மூன்று போல்ட் ஃபிளாஞ்சுக்குப் பொருந்த இடையில் ஒரு அடாப்டர் கடைய வேண்டும். சக்கரம் முழுக்க மேலே போகும்போது ஜாயின்ட் அடியில் முட்டக்கூடாது, முழுக்கத் தொங்கும்போது கழன்றுவிடவும் கூடாது, அதன் கோண எல்லையைத் தாண்டவும் கூடாது. பொதுவான அளவை நம்பாமல் அந்தந்தக் காரிலேயே அளந்து நீளத்தை முடிவு செய்வது இதற்காகத்தான்.

போட்டபின் குதிப்பு போய்விடும், பெடலை மிதித்த மாத்திரத்தில் கார் கேட்கும். ஆனா ரப்பர் சத்தமில்லாம செஞ்ச ஒரு வேலைக்கு இப்போ ஆள் கிடையாது. அது உறிஞ்சிய அதிர்ச்சி எங்கேயும் மறைந்துவிடாது. டிஃபரன்ஷியல் பற்களுக்கும் சக்கர அச்சுக்கும் நேராகப் போகும். பழைய சாஃப்ட்வேரில் 'இது எதுக்கு?' என்று ஒரு வரியை அழித்துவிட்டு, மறுநாள் வேறெங்கோ உடைந்ததைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்போமே, அதே கதைதான்.

அப்போ மாற்றக்கூடாதா? தினமும் ஓட்டுகிற காராக இருந்தால் நான் மாற்றத்தான் சொல்வேன், கிளட்சைப் பதமாக விடும் பழக்கத்தை மட்டும் விடாமல். 1962ல் ரப்பர் சரியான விடை, இன்று சிவி ஜாயின்ட் சரியான விடை. பின்னதை வைத்து முன்னதை முட்டாள்தனம் என்பதுதான் தப்பு.

ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய ஷாஃப்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் தடவி ஷெட்டில் ஓரமாக வையுங்கள். எல்லாக் கார்களும் மாறிவிட்டால் 1962ல் எலானை ஓட்டியவருக்கு அது எப்படி இருந்தது என்பதை, ஏன் அவ்வளவு மென்மையாகக் கால் வைக்கக் கற்றுக்கொண்டார் என்பதை, வேறு எதை வைத்தும் தெரிந்துகொள்ள முடியாது.