உப்பு படிந்து அடைத்த குழாய்: ஆசிட் ஊற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாஷ்பேசினில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. கடையில் வாங்கிய டிரெய்ன் கிளீனரை ரெண்டு தடவை ஊத்தியும் பலனில்லை. ஹைதராபாத்தின் பட்டான்செரு போல, போர் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதிகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பல நேரம் அடைப்பு உப்பாக இருக்கும். ஊற்றியதோ எண்ணெய்ப் பிசுக்குக்கான மருந்தாக இருக்கும்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

இந்தப் பகுதியின் அடியில் இருப்பது கிரானைட் பாறை. அதன் இடுக்குகளில் தேங்கும் நீரில் கால்சியம், மக்னீசியம் கரைந்திருக்கும். குழாய்க்குள் நீர் காயக் காய, கால்சியம் கார்பனேட் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. சோப்புடன் சேர்ந்தால் கசடாகிறது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பிஐஎஸ் தரநிலை. வேறு நீர் ஆதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதி.

உப்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படிவைக் கொஞ்சம் சுரண்டி, அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் உப்பு. வழவழவென்று அப்படியே இருந்தால் எண்ணெய், சோப்பு அல்லது முடி. டிரெய்ன் கிளீனர்கள் பலவற்றில் இருக்கும் காஸ்டிக் சோடா இவற்றைக் கரைக்கும், உப்பை அசைக்காது. உப்புக்கு அமிலம்தான் வேண்டும்.

எப்படி நீக்குவது?

1. பேசினுக்கு அடியில் பக்கெட் வைத்து, பாட்டில் டிராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். குழாய் வழியே ஊற்றும் அமிலம் நிற்காமல் ஓடிவிடும். ஊற வைப்பதே பலன் தரும்.

2. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, அதில் சில மணி நேரம் ஊற விடுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, தெலுங்கில் 'நிம்ம உப்பு' என்று கேட்டால் கிடைக்கும். கணக்குப்படி 100 கிராம் சிட்ரிக் ஆசிட் சுமார் 78 கிராம் படிவைக் கரைக்கும். ஒரு லிட்டர் வினிகர் அதில் பாதியளவுதான்.

3. பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வாஷரைச் சரிபார்த்து மாட்டுங்கள்.

எதைச் செய்யவே கூடாது?

* அமிலத்தையும் ப்ளீச்சையும் கலக்காதீர்கள். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. அது ப்ளீச்சுடன் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். மூடிய பாத்ரூமில் இது உயிருக்கே ஆபத்து.

* காஸ்டிக் ஊற்றிய குழாயில் அமிலம் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். அந்த டிராப்பை நீங்களே கழற்றவும் வேண்டாம். என்ன ஊற்றினீர்கள் என்பதை பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றுவது வீண். நுரை வரும், ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

* கொதிக்கும் நீர் பிவிசி குழாயை இளக்கிவிடும்.

எப்போது பிளம்பரை அழைப்பது?

பாத்ரூம், சமையலறை இரண்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேங்கினால், அடைப்பு பொதுக் குழாயில் இருக்கலாம். அது ஓனரோ அசோசியேஷனோ பார்க்க வேண்டிய வேலை. படிவு திரும்பத் திரும்ப வந்தால், தண்ணீரை லேப்பில் சோதித்து, சாஃப்ட்னர் தேவையா என்று கேளுங்கள். சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் குறைக்கும், தொழிற்சாலை மாசை நீக்காது. பட்டான்செரு போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் போர் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் அதற்கெனத் தனிப் பரிசோதனை அவசியம்.