சத்தம் யார் கையில்? ஆட்டிச ஆய்வில் புலன்களும் படைப்பும்

ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக வரையறுத்தது லியோ கன்னரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரை என்பது பாடநூல் வரலாறு. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தாம் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி அதில் எழுதினார். பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று அதில் உண்டு. இக்குழந்தைகளைக் கதிகலங்க வைத்தவற்றை அங்கே வரிசைப்படுத்துகிறார்: மூன்று சக்கர சைக்கிள், ஊஞ்சல், லிஃப்ட், வேக்குவம் கிளீனர், ஓடும் தண்ணீர், கேஸ் அடுப்பு, முட்டை அடிக்கும் கருவி, சில வேளை வெறும் காற்று. ஒரு குழந்தை வேக்குவம் கிளீனர் வைத்திருந்த அலமாரிப் பக்கமே போகப் பயந்ததாம்.

இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவர் உடனேயே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். அதே குழந்தைகள் தாங்களே எவ்வளவு பெரிய சத்தம் எழுப்பினாலும் கலங்குவதில்லை. ஆகவே குழந்தை அஞ்சுவது சத்தத்துக்கு அல்ல, தன் தனிமைக்குள் அது அத்துமீறுவதற்கே என்று முடிவுகட்டுகிறார். கட்டுரையின் தலைப்பே உணர்ச்சித் தொடர்பின் குலைவைப் பற்றியது. கண்ட சான்று அதற்குள் அடக்கப்பட்டது. இன்று அதே சான்று வேறொன்றைச் சொல்வதாகப் படுகிறது. நான் எழுப்பும் சத்தம் எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பிறர் எழுப்புவது அப்படியல்ல. புலன் கூருணர்வு ஆட்டிச ஆய்வில் பிற்பாடு வந்து சேர்ந்த விஷயம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் தொடக்கத்திலேயே பதிவான அது, விளக்கங்களின் அடியில் புதைந்து, ஆட்டிசமுள்ளவர்களின் எழுத்தாலும் கைவேலையாலும் மீண்டும் மேலே வந்தது என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

கன்னருக்கு முன்பே இந்தப் பதிவு இருந்தது. கீவில் பிறந்த குருன்யா சுகரேவா, மாஸ்கோவில் தம் பராமரிப்பில் இருந்த ஆறு சிறுவர்களைப் பற்றி 1925இல் ரஷ்ய மொழியிலும் மறு ஆண்டு ஜெர்மனிலும் எழுதினார். சத்தத்தையும் வாசனையையும் சிலர் தாங்க முடியாமல் தவித்ததையும், சிலரிடம் இசைத்திறன் மிளிர்ந்ததையும் ஒருசேரக் குறித்திருந்தார். அந்த விவரிப்பு ஆங்கிலத்துக்கு வந்து சேர 1996 ஆயிற்று. வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் இன்னும் நுணுக்கமாக எழுதினார்: வெல்வெட், பட்டு, பஞ்சு, சாக்பீஸ் இவற்றைத் தொடப் பொறுக்காத பிள்ளைகள், புதுச் சட்டையின் முரட்டுத்தனமும் தைத்துப் போட்ட காலுறையும் உறுத்துகிற பிள்ளைகள், கடும் புளிப்பையும் காரத்தையும் விரும்புகிறவர்கள். ஒரு நேரம் சிறு ஓசைக்குத் துடிப்பவரே இன்னொரு நேரம் எதுவும் கேளாதவர்போல் இருப்பதையும் கண்டார். அவருடைய கட்டுரையின் முழு ஆங்கில வடிவம் 1991இல்தான் வந்தது. நாஜி ஆட்சியோடு அவர் ஒத்துப்போனதையும், ஆம் ஸ்பீகல்கிரண்ட் என்ற கொலைக்களத்துக்குக் குழந்தைகளை அனுப்பியதில் அவருக்கிருந்த பங்கையும் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார். கூர்ந்த கவனிப்பு கனிவுக்கு உத்தரவாதமில்லை.

அமெரிக்காவில் 1949இல் பால் பெர்க்மனும் சிபில் எஸ்கலோனாவும் சிறு குழந்தைகளின் அசாதாரணப் புலன் கூருணர்வைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். ஆனால் காற்று எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருந்தது. ஆட்டிசத்துக்குப் பாசமற்ற தாய்தான் காரணம் என்ற கருத்தை 1967இல் புருனோ பெட்டல்ஹைம் தம் நூலால் ஊரறியச் செய்தார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டால், தாயிடம் எதைக் கேட்க மறுக்கிறது என்று ஆராய்ந்த காலம் அது. காதுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. மகனுக்கு ஆட்டிசம் இருந்த உளவியலர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே தாய்மார்மீதான பழியை மறுத்து, நரம்பியல் பக்கம் திரும்பச் சொல்லியிருந்தார். ஆனாலும் புலன்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 1994இன் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் ஆட்டிசத்துக்கு 12 அளவுகோல்கள் இருந்தன. புலன் கூருணர்வு அவற்றுள் ஒன்றல்ல.

மீட்பு வேறு திசையிலிருந்து வந்தது. ஆட்டிசமுள்ளவரான டெம்பிள் கிராண்டின் அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். அதில் மாடுகள் அமைதியடைவதைக் கண்டு, மெத்தை வைத்த இரு பலகைகளால் தமக்கென ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஒருவர் கட்டிப்பிடித்தால் அலையடித்ததுபோல் மூழ்கிப்போகும் உடல், இந்த அழுத்தத்தை ஏற்றது. எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை நிர்ணயித்த நெம்புகோல் அவர் கையில் இருந்தது. கன்னர் தவறாகப் படித்த சான்றுக்கு மரத்தால் எழுதப்பட்ட மறுவாசிப்பு என்றே இதைச் சொல்வேன். அவருடைய தன்வரலாறு 1986இல் வந்தது. இந்த அழுத்தத்தின் பயனைப் பற்றி 1992இல் மருத்துவ இதழிலும் எழுதினார்.

படைப்பு என்றதும் ஆய்வாளர்கள் மேதைகளைத் தேடி ஓடியது இந்த வரலாற்றின் பெரிய திசைதிருப்பல். மூன்று வயது தாண்டியதும் குதிரைகளை உயிரோட்டமாக வரைந்த நாடியா என்ற சிறுமியைப் பற்றி லோர்னா செல்ஃப் 1977இல் எழுதிய நூலும், ஒருமுறை பார்த்த நகரத்தை நினைவிலிருந்து வரையும் லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களும் வியப்பைத்தான் வளர்த்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கன்னரின் முதல் சிறுவன் டொனால்ட் செய்த சிறு காரியம். ஐந்து வண்ணப் புட்டிகளுக்கு, கனடாவில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து டியோன் சகோதரிகளின் பெயர்களை அவன் வைத்திருந்தான். நீலம் அனெட், சிவப்பு செசில். அனெட்டும் செசிலும் சேர்ந்தால் ஊதா என்று அவன் சொன்னது, சுற்றியிருந்தோருக்குப் பொருளற்ற பிதற்றலாகக் கேட்டது. பெயர்களின் மூலம் தெரிந்த பிறகுதான் அது துல்லியமான வாக்கியம் என்று புரிந்தது.

பொருள் தேடுவதையே சற்று நிறுத்திப் பார்த்தவர் பிரான்சின் ஃபெர்னான் டெலின்யி. 1960களின் இறுதியில் செவன் மலைப்பகுதியில், பேசாத ஆட்டிசக் குழந்தைகளோடு சேர்ந்து வாழும் சிறு குடியிருப்புகளை உருவாக்கினார். உடனிருந்தோர் மருத்துவர்கள் அல்ல, தொழிலாளிகளும் உழவர்களும். குழந்தைகளின் நடமாட்டத்தை அவர்கள் மெல்லிய காகிதத்தில் கோடுகளாக வரைந்தார்கள். எங்கே நின்றான், எங்கே சுற்றினான் என்பது தெரியும்; ஏன் என்று விளக்கம் எழுத அவசியமில்லை. அழகிய வரைபடங்கள் அவை. ஆனால் கோடு போட்ட கை எப்போதும் பெரியவர்களுடையது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தக் கை மாறியது 1990களில். ஆட்டிசமுள்ள பிள்ளைக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்று பெற்றோரை நோக்கி, தாமும் ஆட்டிசமுள்ளவரான ஜிம் சின்க்ளேர் 1993இல் எழுதினார். ஆட்டிசமுள்ளவர்களே நடத்திய ஆட்ரீட் என்ற ஒன்றுகூடல் 1996இல் தொடங்கியது. அங்கே வாசனைத் திரவியம் பூசக் கூடாது, கேமரா ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. யாரும் பேச வர வேண்டாம் என்பவர் சிவப்பு அட்டையும், தெரிந்தவர் மட்டும் வரலாம் என்பவர் மஞ்சள் அட்டையும் அணிந்துகொண்டார்கள். நரம்பியல் பன்மை என்ற சொல்லாட்சி 1998இல் சிட்னியில் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும், ஹார்வி புளூம் எழுதிய பத்திரிகைக் கட்டுரையிலும் வெளிவந்தது. கருத்து ஒருவருடையதல்ல, அக்காலத்தில் பலர் சேர்ந்து வளர்த்தது என்று 2024இல் ஆய்வாளர்கள் சிலர் திருத்தம் எழுதியிருக்கிறார்கள். ஆட்ரீட்டின் அட்டைகளைப் பார்த்தால் அத்திருத்தம் நியாயமாகவே தெரிகிறது.

ஆட்டிசமுள்ளவரான மெல் பேக்ஸ் 2007இல் வெளியிட்ட காணொளியின் முதல் பாதியில் சொற்கள் இல்லை. முணுமுணுப்பும், பொருள்களை உரசும் ஓசையும், குழாய் நீரில் அளையும் விரல்களும் மட்டும். பிற்பாதியில் கணினிக் குரல் வழியே விளக்குகிறார்: அந்த நீர் எதற்கும் குறியீடல்ல, சூழலோடு தாம் நடத்தும் உரையாடல் அது. கன்னரின் அச்சப் பட்டியலில் இருந்த அதே ஓடும் தண்ணீர் இங்கே ஒருவருக்கு மொழியாகிறது.

எல்லாச் சாட்சியத்தையும் அப்படியே ஏற்கவும் முடியாது. இந்தியாவில் வளர்ந்த டிட்டோ முகோபாத்யாய் பதினோரு வயதில் வெளியிட்ட நூல், புலன்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்காத அனுபவத்தை உள்ளிருந்து பேசியது. அவர் தம் கையாலேயே எழுதக்கூடியவர். ஆனால் அவருடைய தாயின் கற்பித்தல் முறையைப் பிறரிடம் பயன்படுத்தும்போது, வெளிப்படும் சொற்கள் குழந்தையுடையவை என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கப் பேச்சு–கேட்பியல் சங்கம் 2018இல் எச்சரித்தது. பிறர் குரலை மீட்கிறோம் என்று சொல்லி அதன்மேல் நம் குரலை ஏற்றிவிடும் ஆபத்து பெட்டல்ஹைமோடு முடிந்துவிடவில்லை.

2013இன் திருத்தத்தில் புலன் மிகையுணர்வும் குறையுணர்வும் அமெரிக்க வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றன. அங்கும் 'திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை' என்ற பிரிவின் நான்காவது உட்பிரிவாகத்தான். இதில் இந்தியா முந்திக்கொண்டது. 2009இல் வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின் 40 கேள்விகளில் ஆறு, புலன்களுக்கென்றே அமைந்த தனிப் பகுதியில் வருகின்றன. நம் ஊரில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் 40ஆவது கேள்வி, அசாதாரணத் தனித்திறன் உண்டா என்பது. திறன் மிகுந்தால் மதிப்பெண் கூடும். மதிப்பெண் கூடினால் ஆட்டிசத்தின் தீவிரமும் கூடியதாகக் கணக்கு.