சும்மா நிற்கும் பெட்டரி

2022 மார்ச் 31ஐ எங்க ஊர் லேசில் மறக்காது. நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. நோன்பு தொடங்க சில நாட்களே இருந்தன. டீசல் கிடைத்த கடையில் ஜெனரேட்டர் உறுமியது, கிடைக்காத கடை இருட்டில் கிடந்தது.

அந்த ஜெனரேட்டர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மின்தட்டுப்பாடு வந்தபோதெல்லாம், ஹோட்டல்களும் தொழிற்சாலைகளும் சொந்த ஜெனரேட்டரை ஓட்டி, மின்சார சபையின் சுமையைக் குறைக்கும்படி கேட்கப்பட்டன. சும்மா நிற்கும் தனியார் இயந்திரம் நாட்டுக்கு உதவும் என்பது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் எல்லாம் டீசலை நம்பித்தான். 2022இல் அந்த டீசலே இல்லாமல் போனது.

2025இல் பிரச்சினை தலைகீழாகியது. பெப்ரவரி 9, ஞாயிறு பகல், பாணந்துறை உப மின்நிலையக் கோளாறால் நாடே இருண்டது. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் கரண்டுக்குத் தேவை குறைவு. கூரை சோலார்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் மிச்சம், மாலை 6.30க்குப் பிறகு பற்றாக்குறை. இடையில் சேமிக்கத்தான் இடமில்லை.

அந்த இடம் ஓடாமல் நிற்கும் வாகனங்களில் இருக்கிறது என்று 1997இலேயே அமெரிக்காவில் கெம்ப்டன், லெட்டன்ட்ரே என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2024இல் ஓக்லண்ட் நகரின் 74 மின்சாரப் பள்ளி பஸ்கள் அதைச் செய்யத் தொடங்கின.

வேலை இயந்திரங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிங்கா ஓயா பெருகி வடிந்தபின் மண் அள்ள வரும் பெக்கோவை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்தால் நாள்கணக்கில் சும்மாதான் நிற்கும். வொல்வோவின் ஈசி230 என்ற மின்சார பெக்கோவின் பெட்டரி கொள்ளளவு 264 யூனிட். மாதம் 90 யூனிட் பாவிக்கும் வீட்டுக்கு அது கிட்டத்தட்ட மூன்று மாதக் கரண்ட்!

இருவழி இன்வேர்ட்டர் வேண்டும், பெட்டரி தேய்மானத்துக்குச் சொந்தக்காரருக்குக் கொடுப்பனவு வேண்டும், காலையில் வேலைக்குப் போதிய சார்ஜ் மிஞ்ச வேண்டும். இந்த மூன்றும் எழுத்தில் இருக்கணும்.

இலங்கைக்கு மின்சார பெக்கோக்கள் பெருமளவில் வர இன்னும் காலமெடுக்கலாம். ஆனால் விதிகளை இப்போதே எழுதலாம். நெருக்கடி வந்தபின் ஜெனரேட்டர் தேடி ஓடிய கதையை நாம் ஒருமுறை வாழ்ந்தாச்சு, அது போதும்.