கையெழுத்துப் பத்திரிகையும் மறுமலர்ச்சிச் சங்கமும்

கையெழுத்துப் பத்திரிகை என்பது இன்று பலரும் கண்டறியாத ஒரு பொருள். ஓர் இதழுக்கு ஒரே பிரதிதான். அங்கத்தவருள் எவருடைய எழுத்து முத்து முத்தாக அமைந்திருக்கின்றதோ அவரே அச்சுக் கோப்பவர். அவரே அச்சியந்திரமும் ஆவார். தலையங்கம், சிறுகதை, கவிதை, கட்டுரை யாவற்றையும் அவர் ஒருவரே இருந்து படியெடுக்க வேண்டும். ஓவியம் வரைய வல்லவர் ஒருவர் அகப்பட்டுவிட்டால் அட்டையிலே ஒரு தாமரையோ உதய சூரியனோ மலரும். ஈற்றில் சில தாள்கள் வெறுமையாக விடப்படும். பிரதி வீடு வீடாகச் சுற்றி வரும்போது படித்தவர்கள் தங்கள் கருத்தை அத்தாள்களில் எழுதுவது வழக்கம். புகழ்ந்தவர்களும் உண்டு, இலக்கணப் பிழைகளை இலக்கமிட்டுக் குறித்தவர்களும் உண்டு. இதழ் திரும்பி வந்ததும் எழுதியவர்கள் ஆவலோடு முதலிற் புரட்டிய பக்கங்கள் அவையாகவே இருந்திருக்கும்.

இத்தகைய ஒரு கையெழுத்துப் பத்திரிகையை வைத்துக்கொண்டு இயங்கத் தொடங்கியதுதான் யாழ்ப்பாணத்து மறுமலர்ச்சிச் சங்கம். 1943ஆம் ஆண்டிலே, பெரும்பாலும் இருபது வயதை அடுத்த இளைஞர் சிலர் கூடி அமைத்த சங்கம் அது. சொந்தக் கட்டடமும் மூலதனமும் பெருமக்கள் ஆதரவும் இல்லாத அந்தச் சிறு கூட்டத்தின் பெயரால், ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு காலப்பகுதியே இன்று வழங்கப்படுகின்றது. அவர்கள் சாதித்தது யாது என்பதை அறிய, அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஓர் இளைஞன் கதை எழுத முற்பட்டால் அவன் யாரிடம் போய் நின்றிருப்பான் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் அவன் முன்னே இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று பண்டிதர்களுடையது. 1921ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்னும் பரீட்சைகளை நடத்தி வந்தது. நாவலர் மரபிலே ஊறிய அக்கல்வி ஆழமானது. அதனைக் குறைத்துப் பேசுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. ஆயின் அங்கே தமிழ் என்றால் தொல்காப்பியம், நன்னூல், கந்தபுராணம், கம்பராமாயணம். கிராமத்தில் நேற்று நடந்த ஒரு வேலிச் சண்டையைக் கதையாக எழுதியவனைப் படித்தவன் என்று அம்மரபு ஒப்புக்கொள்ளவில்லை.

மற்றைய வாயில் சென்னைப் பட்டினம். இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் என்னும் முன்னோடிகள் மூவரும் கலைமகள் முதலிய சென்னைப் பத்திரிகைகளில் எழுதியே பெயர் பெற்றவர்கள். இவர்களுள் முதல் இருவரும் ஏழாலை என்னும் ஒரே கிராமத்தவர்கள் என்பது வியப்பானது. ஒரே கிராமத்தவரான இருவர் தம் ஊர்ப் பெயரை உலகறியச் செய்வதற்குக் கதையைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே இருந்த ஆசிரியர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் படலை என்றால் என்ன, வளவு என்றால் என்ன, கிடுகு வேலியிற் பொட்டு எப்படி உண்டாகின்றது என்பனவெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. "அவையள் வருகினம்" என்று ஒரு கிழவி சொன்னாள் என எழுதினால் அச்சுப்பிழை என்று திருத்திவிடவும் கூடும். அதை அஞ்சி எழுதுபவனே தன் கதையிலிருந்து தன் ஊரைச் சிறிது சிறிதாகச் செதுக்கி விடுவதற்கு இடமுண்டு. பிறர் திருத்துவதிலும் பார்க்கக் கொடியது இந்தத் திருத்தம்.

இவ்விரு வாயில்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றைத் திறந்து வைத்தது சுன்னாகத்திலிருந்து வெளிவந்த ஈழகேசரி. குரும்பசிட்டி நா. பொன்னையா அவர்கள் 1930ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். அவருடைய திருமகள் அழுத்தகம் பற்றி ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பிய எழுத்ததிகாரத்தைப் பொன்னையா 1937இல் வெளியிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதி அனுப்பிய கதைகளும் அதே சுன்னாகத்திலேதான் அச்சேறின. பண்டிதத் தமிழும் பிள்ளைத் தமிழும் ஒரே அச்சுக்கூடத்து மையிலே நனைந்தன. பின்னாளில் பழமைக்கும் புதுமைக்கும் இடையே பெரும் போர் நடந்ததாக எழுதியவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர்.

சோ. சிவபாதசுந்தரம் ஈழகேசரியின் ஆசிரியராக இருந்த காலத்தில் இளைஞர்களின் எழுத்துக்கு அதிலே தனியிடம் கிடைத்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் படித்த அ. ந. கந்தசாமி, அ. செ. முருகானந்தன், பின்னாளில் மஹாகவி என்று பெயர் பெற்ற து. உருத்திரமூர்த்தி ஆகியோர் அந்த இடத்தை நன்கு பயன்படுத்தியவர்கள். இம்மூவரையும் அக்கல்லூரியின் மும்மணிகள் என்பர். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய பள்ளி அது. கவிபாடியவர் தொடங்கிய பள்ளியிற் கவிஞர் தோன்றுவது இயல்பே. பொன்னாலையைச் சேர்ந்த தி. ச. வரதராசன், அதாவது வரதர், 1924இற் பிறந்தவர். அவர் எழுதிய 'ஓர் இரவினிலே' 1943இல் ஈழகேசரியில் வெளிவந்தது. இலங்கையில் அச்சேறிய முதல் வசன கவிதை என்று அதனைக் கூறுவர்.

பத்திரிகை வாயிலாக ஒருவர் பெயரை ஒருவர் அறிந்திருந்த இவர்கள் நேரிற் கூடிச் சங்கம் அமைத்த காலம், எழுத்துக்கு ஏற்ற காலம் என்று சொல்லத்தக்கதன்று. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டனர். அரிசி பங்கீட்டில் வந்தது, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, தாளின் பாடோ சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்குத் தாள் கிடையாத காலத்தில், ஒரே பிரதியோடு நிறைவு கொள்ளும் கையெழுத்துப் பத்திரிகை மிகப் பொருத்தமான வெளியீட்டு முறையாக அமைந்தது என்பதும் ஒரு வேடிக்கையே.

வரதர், அ. செ. முருகானந்தன், நாவற்குழியூர் நடராசன் என்று எழுதிய க. செ. நடராசா, பண்டிதர் ச. பஞ்சாட்சர சர்மா, அ. ந. கந்தசாமி ஆகியோர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களுட் சிலர். பெயர்களை நோக்குமிடத்து ஒன்று புலப்படும். இவர்களிற் பெரும்பாலோர் யாழ்ப்பாண நகரவாசிகள் அல்லர். பொன்னாலை, அளவெட்டி, கோப்பாய், நாவற்குழி என்று நகரைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கூட்டம் என்றால் துவிச்சக்கர வண்டியை எடுக்க வேண்டும். புனைபெயரிலே ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இங்கே வேரூன்றியது. அதில் ஊர்ப்பற்று மட்டுமன்றி வசதியும் உண்டு: ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நடராசா இருப்பார், நாவற்குழியூர் நடராசன் ஒருவர்தான்.

இத்தகைய சங்கக் கூட்டங்களின் நடைமுறை எளிமையானது. எழுதியவர் தாமே தம் கதையை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். அதன் பின்னர் வழக்குத் தொடங்கும். பேச்சுத் தமிழைக் கதையில் எந்த அளவிற் புகுத்தலாம்? யாப்பை விட்டுவிட்ட பின்னர் கவிதையில் எஞ்சுவது யாது? பாரதிக்குப் பின் பழைய நடையில் எழுதுவதற்கு நியாயம் உண்டா? இவையெல்லாம் அன்று ஏட்டுக் கேள்விகள் அல்ல. அடுத்த இதழுக்கு எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்ற உடனடியான கேள்விகள். பண்டிதர் ஒருவர், யாப்பறிந்த கவிஞர், வசன கவிதை எழுதிய இளைஞர், சமதர்மக் கருத்துடையவர் ஆகியோர் ஒரே பாயில் அமர்ந்திருந்தபடியால் எந்தக் கேள்விக்கும் இலகுவான விடை கிடைத்திருக்க முடியாது.

உரக்க வாசிப்பதில் ஒரு நன்மை உண்டு. மௌனமாகப் படிக்கும்போது மறைந்திருக்கும் பொய், காதில் விழும்போது வெளிப்பட்டுவிடும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் சென்னைப் பத்திரிகைத் தமிழில் மனைவியை அழைத்தால், துலா மிதித்த கால்களையுடைய கேட்போர் சிரித்துவிடுவர். எழுதுபவனுக்கு முதல் வாசகனாக வாய்த்தவன் அவன் மண்ணை அறிந்தவனாக இருந்தான். செதுக்கி எறிந்தவற்றை மீண்டும் எடுத்துவரும்படி அவனே வற்புறுத்தினான். சங்கம் செய்த பணிகளுள் இதனையே முதன்மையானதாகக் கொள்ளலாம். பத்திரிகை நடத்தியதுகூட இதற்கு அடுத்தபடிதான்.

1946ஆம் ஆண்டு பங்குனியில் மறுமலர்ச்சி அச்சிதழாக வெளிவந்தது. யுத்தம் முடிந்திருந்தது, இலவசக் கல்வி முதல் ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது, படிக்கத் தெரிந்தோர் தொகை பெருகப்போகின்றது என்ற நம்பிக்கை இருந்தது. சிறுகதைக்கும் கவிதைக்கும் விமரிசனத்துக்கும் முதலிடம் கொடுத்து, ஈழத்து எழுத்தாளரைக் கொண்டே நடத்தப்பெற்ற இலக்கிய இதழ் அது. சு. வே., சொக்கன், கனக செந்திநாதன், மஹாகவி என்று பின்னாளில் நன்கறியப்பட்ட பலர் அக்குழுவோடு சேர்த்துப் பேசப்படுகின்றனர்.

கையெழுத்துப் பத்திரிகைக்கு வாசகன் வேண்டும். அச்சுப் பத்திரிகைக்குச் சந்தாதாரன் வேண்டும். இவ்விருவரும் ஒருவரல்லர் என்பதை ஈழத்தில் இதழ் நடத்திய ஒவ்வொருவரும் தம் கைப்பொருள் கொடுத்துக் கற்றிருக்கின்றனர். ஒரு பிரதி வாங்கப்பட்டால் அது வாசிகசாலையில் ஐம்பது பேர் கையிற் பட்டுக் கிழியும், ஐம்பது பேரும் பத்திரிகை நன்று என்பர், விற்றது ஒன்றுதான். தலைமன்னார் வழியாக வந்து இறங்கிய தென்னிந்திய இதழ்களோ பல்லாயிரக் கணக்கில் அச்சிடப்பட்டு, படங்களும் தொடர்கதைகளும் நிறைந்து, மலிவான விலையில் கடைகளில் தொங்கின. அவற்றின் அருகே ஒல்லியான உள்ளூர் இதழொன்றைத் தொங்கவிடக் கடைக்காரர் இசைந்ததே பெரிது. மறுமலர்ச்சி 1948ஆம் ஆண்டோடு நின்றது. இரண்டரை ஆண்டு என்பது அத்தகைய இதழுக்கு நீண்ட ஆயுள்தான்.

இச்சங்கத்தைப் போற்றுவோர் அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். முன்னின்று நடத்தியோரின் பெயர் வரிசையில் பெண் ஒருவர் பெயரும் இல்லை. கோயிலும் தேநீர்க் கடையும் சாதியின் பெயரால் அடைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்திலே, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தம் கதையைத் தாமே எழுதும் காலம் அன்று வரவில்லை. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றி, கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் எழுந்தபோதே அக்கதவு திறந்தது. ஆயினும் மறுமலர்ச்சிக்காரரின் பார்வை தம் வேலிக்குள் அடங்கிவிட்டது என்று கூறுவதும் பொருந்தாது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை சட்டத்தாற் பறிபோனபோது அதனைப் பொருளாகக் கொண்டு 'காளிமுத்துவின் பிரஜாவுரிமை' என்ற கதையை எழுதியவர் அ. செ. முருகானந்தன். அ. ந. கந்தசாமியோ 1968இல் இறக்கும் வரை முற்போக்கு அணியிலேயே நின்றார்.

இதழ் நின்ற பின்னர் அங்கத்தவர் பல திசையிற் சென்றனர். சிலர் பத்திரிகைக் காரியாலயங்களிற் புகுந்தனர். மஹாகவி அரசாங்க இலிகிதராகக் கொழும்பு சென்று, பகலிற் கோப்பும் இரவிற் கவிதையுமாக வாழ்ந்தார். வரதர் மட்டும் அச்சியந்திரத்தை விட்டு நீங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆனந்தா அச்சகத்தை நடத்தி, பிறர் எழுத்தையும் நூலாக்கினார். 1955இல் மஹாகவியைத் துணைக்கொண்டு, கவிதைக்கென்றே தேன்மொழி என்னும் இதழை வெளியிட்டார். அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. கைந்நஷ்டம் கண்டவர் மீண்டும் அதே தொழிலில் இறங்குவதை வணிகர் பேதைமை என்பர். அவர் 2006ஆம் ஆண்டில் மறையும் வரை எழுத்தோடும் அச்சோடும் கொண்ட உறவைத் துண்டிக்கவேயில்லை.

சங்கத்துக்குப் புறம்பே நின்று இவர்களுக்கு வழிதிறந்த சோ. சிவபாதசுந்தரம் வானொலித் துறையிற் புகுந்து, ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் நூல் எழுதினார். பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவரும் அவரே. சங்கத்துக்குள்ளிருந்த நாவற்குழியூர் நடராசன் இலங்கை வானொலியின் தமிழ்ப் பகுதியில் அதிகாரியாக அமர்ந்தார். நாவற்குழியிலிருந்து வண்டி மிதித்து வந்து, நாலைந்து நண்பர் நடுவே எழுத்தை உரக்க வாசித்துப் பழகியவரின் பொறுப்பில், நாடெங்கும் உள்ள தமிழ் வீடுகளுக்குக் கேட்கும் ஒரு குரல் வந்து சேர்ந்தது.