ஜவ்வரிசி ‘ஜாவா அரிசி’ அன்று

ஜோகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீட்டு விசேஷத்தில் ஜவ்வரிசிப் பாயசம் பரிமாறினால் போதும். “ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி” என்று விளக்கம் சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள். மணிமேகலையின் சாவக நாட்டையும் துணைக்கு அழைக்கிறார்கள். நாட்டின் பெயர் பழையது என்பதால் பண்டத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததாகிவிடாது.

பக்கத்து மொழிகளைப் பார்த்தாலே தெளியும். தெலுங்கில் சக்குபிய்யம், கன்னடத்தில் சப்பக்கி, மலையாளத்தில் சவ்வரி, சிங்களத்தில் சவ், இந்தியில் சாபூதானா. இவற்றுள் ஜாவா எங்கே? தெலுங்கு, மூலத்தின் ககரத்தை அப்படியே காத்திருக்கிறது. மூலம், ஜோகூர்க்காரர் நாள்தோறும் கேட்கும் மலாய்ச் சொல்லான ‘சாகு’: ரும்பியா மரத் தண்டின் சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. பாகற்காய் நம் வாயில் பாவக்காய் ஆகிறது, போகும் என்பது போவும் ஆகிறது. அவ்வாறே சாகு சவ்வாகி, அரிசியோடு சேர்ந்து சவ்வரிசி ஆயிற்று. ஜகரம் பின்வந்த பேச்சு மெருகு. சவ்வுபோல் வழுக்குவதால் வந்த பெயர் என்பாருக்கும் சக்குபிய்யமே விடை.

ஆனால் இன்று நாம் உண்பது பெரும்பாலும் ரும்பியா அன்று, மரவள்ளி. புறநானூறு 109இல் பறம்பு மலையின் வளமாகக் கபிலர் பாடும் வள்ளி வேறு; ‘மர’ என்ற அடைமொழியே இது பின்னால் வந்தது என்று காட்டும். இதன் தாயகம் பிரேசில். அங்குள்ள பழங்குடியினர் துருவிய கிழங்கைத் ‘திபிதி’ என்னும் நீண்ட ஓலைப்பின்னல் குழாயில் திணித்து, இழுத்துப் பிழிவார்கள். வடிந்த நீரின் அடியில் படியும் மாவே தாபியோகா. பிழிந்தெடுத்தது என்பது துப்பி மொழிப் பொருள். மேல்நீரை நஞ்சு போக நெடுநேரம் கொதிக்கவைத்தால் ‘துகுபி’ என்னும் குழம்புச் சாறு. பாரா மாநிலத்தில் அதில் வாத்துக்கறி சமைக்கிறார்கள்.

1943இல், போரால் வெளிநாட்டு வரத்து நின்ற காலத்தில், சேலம் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் குருணை திரட்டினார்கள். பண்டம் மாறியது, பெயர் மாறவில்லை. இது நம் ஊர் விந்தை மட்டுமன்று. தென் பிரேசிலில் மரவள்ளிக் குருணையைச் செந்திராட்சை மதுவில் கிராம்பும் சர்க்கரையும் இட்டு வேகவைக்கும் இனிப்புக்கும் பெயர் ‘சாகு’தான்! மரவள்ளி பிறந்த மண்ணே மலாய்ப் பெயரை ஏற்றிருக்கும்போது, சேலம் ஏற்றதில் என்ன வியப்பு? கிழங்கு பிரேசிலுடையது, பெயர் மலாயுடையது. ஜவ்வரிசி என்ற சொல்லில் ஜாவாவுக்குப் பங்கில்லை என்பதே என் உறுதியான முடிபு.